நானூற்றுப் பத்து நாட்கள்

தேதி பார்க்காமல் நான் தயிர்கூட வாங்குவதில்லை. கல்பாத்தியில் எங்கள் வீட்டு அடுக்களையில் ஒவ்வொரு பொடி டப்பா மேலும் அரைத்த நாள், தீர்க்க வேண்டிய நாள் இரண்டும் என் கையெழுத்தில் ஒட்டியிருக்கும். என் மனைவி சுஷ்மா இதைச் சொல்லிச் சிரிப்பாள். "ஒங்க அம்மா ஒங்க நெத்தியிலயும் ஒரு சீட்டு ஒட்டி விட்ருக்கணும். எதுவரைக்கும் சகிச்சிண்டா போறும்னு நேக்குத் தெரிஞ்சிருக்கும்" என்பாள். சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் பூசணம் பிடித்த பொருள் ஒன்று கிடையாது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு, மேடம். நீங்கள் என்னைப் பற்றித் தவறான எண்ணத்தோடு விசாரணை அறிக்கையை எழுதத் தொடங்கக் கூடாது.

பெயர் சாம்பசிவன். வயது ஐம்பத்துமூன்று. தேவிகுளத்துக்கு மேலே உள்ள இந்தத் தேயிலை எஸ்டேட்டில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கிறேன். பிரிவு என்றால் நான், ஒரு சர்வர், ஒரு யு.பி.எஸ்., ஒரு எலிப்பொறி. தொழிலாளர் பெயர், வேலை, விடுப்பு, டிஸ்பென்சரியில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் அந்தச் சர்வரில் இருக்கின்றன.

மருந்தடிக்கிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பூச்சிமருந்து உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று அதில் தெரியும். நூறு என்றால் நல்லது; மருந்து ஏற ஏற எண் இறங்கும். அறுபதுக்குக் கீழே போனால் ஆளை மருந்தடிப்பிலிருந்து எடுத்துக் கொழுந்து பறிக்கவோ களை எடுக்கவோ மாற்ற வேண்டும். மாடக்கண்ணு என்பவருக்கு 2023 ஜூன் 12 அன்று எடுத்தார்கள். முப்பத்தெட்டு. மாற்றவில்லை. ஆகஸ்ட் 3 அன்று பதினொன்றாம் நம்பர் தேயிலைக் காட்டில், முதுகில் பம்போடு விழுந்தார். மூணாறுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் எஸ்டேட்டின் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஆள் போனாலும் அவர் நம்பர் போகாது. மாடக்கண்ணு 618. அந்த நம்பரோடு தொழிலாளர் வரிசையில் ஒரு லயத்து வீடு, ஒரு வேலை. குடும்பத்தில் யாராவது ஒருவர் ஒரு வருஷத்துக்குள் நம்பரை ஏற்க வேண்டும். ஏற்றால் வீடு நிற்கும், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். யாரும் ஏற்காதவரை பழைய பெயரே இருக்கும். அதனால் தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் வாசிக்கும்போது சூப்பர்வைசர் மாடக்கண்ணு பேரையும் வாசித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் காத்திருப்பார். பதில் வராது. ஒரு கோடு போட்டுவிட்டு 619க்குப் போவார். பத்து மாதம் இப்படி நடந்தது. யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை.

2024 மார்ச் 4 அன்று அவர் மனைவி சின்னத்தாயி என் மேஜைக்கு வந்தார்.

"ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்தாகள்ல, அந்த ரிப்போர்ட்டு வேணும். தேவிகுளத்துல கேஸு குடுத்திருக்கோம். மருந்தாலதான் செத்தாருன்னு காயிதத்துல காட்டணுமாம்."

"எடுத்தப்போ சீட்டு ஒண்ணும் தரலையா?"

"எங்களுக்கு எதுக்குச் சீட்டு? பாத்தா பயந்துருவோமாம்ல."

டிஸ்பென்சரியில் தேடினால் கிடைக்கும் என்றேன். அங்கே போய்விட்டுத்தான் வந்தாராம். ஆள் இல்லாத நம்பருக்கு ரிப்போர்ட் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"தெனம் பெரட்டுல செத்த மனுசன் பேரை வாசிக்கீக. ரிப்போர்ட்டு கேட்டா மட்டும் ஆளு இல்லங்கீக. நல்ல ஆபீசுய்யா."

எங்கள் அலுவலகத்தில் மனு மலையாளத்தில்தான் இருக்க வேண்டும். சின்னத்தாயிக்கு அது எழுத வராது. லயத்துக்காரர்களின் மனுவையெல்லாம் நான்தான் எழுதிக்கொடுப்பேன். ஆபீஸில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான், அதனால் என்னிடம் ஒரு நம்பிக்கை. அந்த மனுவையும் நானே எழுதினேன். கைநாட்டு வாங்கினேன். பிறகு மேஜையின் இந்தப் பக்கம் வந்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வைத்து, பதிவு எண் போட்டு, ஒரு நகலை அவரிடமே கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு மனு நான்கு நிமிஷத்தில் பதிவானது அதுவே முதல் தடவை.

மேனேஜர் டிஜோ ரிப்போர்ட்டை என் திரையில் பார்த்தார். கடைசி வரிவரை பார்த்தார். அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"சுவாமி, யாரும் ஒண்ணும் டெலிட் செய்யண்டா. அது பாவமும் ஆகும், கேஸும் ஆகும். தானே போகிற மாதிரி ஒரு சிஸ்டம் நோக்கு" என்றார்.

அதில் தவறு என்ன இருக்கிறது? அதுவரை எங்கள் பேக்கப் என்பது சனிக்கிழமைதோறும் நான் ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து இரும்பு பீரோவில் வைப்பதுதான். எதற்கும் தேதி கிடையாது. 2011இல் ஓய்வு பெற்ற ஆளின் சளிக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்பதுவரை கிடந்தது. எதை எத்தனை நாள் வைக்க வேண்டும், எது எப்போது காலாவதியாகும் என்று கண்காணிக்கும் மென்பொருள் வேண்டும் என்று ஆடிட்டர்கள் நான்கு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுடைய ஆலோசனையை நிறைவேற்றினேன். கொஞ்சம் தாமதமாக.

மூன்று மென்பொருட்களைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வரிசையில் ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். அது கோப்பில் இருக்கிறது. நேரம் கிடைத்தால் பாருங்கள், உழைத்துச் செய்தது.

முதலாவது எதையும் விடாது. காலம் முடிந்த பிறகும் ஏழு வருஷம் ஒரு மூலையில் வைத்திருக்கும். நம் கல்யாணத்தில் யார் என்ன பேசினார்கள் என்று ஞாபகம் வைத்திருக்கும் சம்பந்தி மாதிரி. இடப்பற்றாக்குறை என்று எழுதி விலக்கினேன்.

இரண்டாவது நன்றாகவே இருந்தது. ஒரு பழக்கம்தான் சரியில்லை. எது காலாவதியானாலும் அழிக்கும் முன் "நிச்சயமாகவா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் மறுபடியும் கேட்கும். யாராவது ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒருவர் நான். மென்பொருள் என்பது வேலையைக் குறைக்க வேண்டும். ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்கக் கூடாது. விலக்கினேன்.

மூன்றாவதைக் கொண்டுவந்தவர் நவீன்குமார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சித்தூர்ப் பையன். நல்ல பேச்சு.

"தேதியப் போட்டுட்டீங்கன்னா அதுபாட்டுக்குப் போயிருமுங்க சார். நீங்க பாட்டுக்குத் தூங்கலாமுங்க."

"போயாச்சுன்னா திரும்ப வருமா?"

"அந்தக் கடவுளே வந்து பாஸ்வேர்டு போட்டாலும் வராதுங்க."

"பழைய பதிவுக்கும் தேதி போடலாமா? எப்போ எடுத்ததோ அந்த நாள்லேர்ந்து கணக்கு வரணும்."

"வருமுங்க. முப்பது நாள், ஏழு நாள், ஒரு நாளைக்கு முன்னாடி உங்களுக்கு மெயில் அனுப்புமுங்க. நீட்டிக்கோணும்னா ஒரு பட்டன். நீங்க ஒண்ணும் பண்ணலீன்னா சம்மதம்னு எடுத்துக்குமுங்க. போனதுக்கப்புறம் சர்டிபிகேட் வருமுங்க, பச்சை பார்டர் போட்டு."

"தேதி யார் போட்டான்னு பதிவாகுமோ?"

"பதிவாகுமுங்க. அதை மட்டும் ஆராலும் அழிக்க முடியாதுங்க. அது வேண்டாம்னா சொல்லுங்க சார், வேற மாடல்..."

"இருக்கட்டும்" என்றேன். இந்த இடத்தைக் கவனியுங்கள். மறைக்க வேண்டும் என்று நினைத்தவன் அந்த மாடலை வாங்குவானா? ஒளிவுமறைவு இல்லாதது என்று அட்டவணையில் அதற்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

மே மாதம் நிறுவினார்கள். பழைய டிஸ்க்குகளில் இருந்ததையெல்லாம் அதில் ஏற்றினேன். பிறகு டிஸ்க்குகளை டிரில் போட்டுத் துளைத்தேன். அது அழிப்பது ஆகாது. வீடு மாறிய பிறகு பழைய வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்தது எத்தனை நாள் என்ற கேள்வி. மருத்துவப் பதிவுகளுக்கு 410 நாட்கள் என்று போட்டேன். ஒரு வருஷம், அதன்மேல் நாற்பத்தைந்து நாள் சலுகை. சலுகை என்ற சொல் கொள்கை அறிக்கையில் நன்றாக அமைந்தது. டைரக்டர்கள் பாராட்டினார்கள். ஏன் நாற்பத்தைந்து என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் பேக்கப் என்பது நகல்தானே. அசல் சர்வரில் 618 என்ற கோப்பில் உயிரோடு இருந்தது. நம்பர் கை மாறினால்தான் பழைய ஆளின் விவரம் போய்ப் புது ஆளின் விவரம் உட்காரும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். பிஸ்கட் வாங்கிக்கொண்டுதான் போனேன்.

சின்னத்தாயியின் மகள் இந்துவுக்கு இருபத்திரண்டு வயது. மூணாறில் பி.காம். முடித்துவிட்டுக் கோயமுத்தூரில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். நம்பரை ஏற்க அவளுக்கு மனமில்லை.

"இத எடுத்தா மருந்தடிக்கத்தான சார் போகணும்? 618 மருந்து நம்பரு."

"கொஞ்ச நாள்தாம்மா. அப்புறம் மாத்திக்கலாம்."

"எங்கப்பாவும் கொஞ்ச நாள்னுதான் போச்சு. பதினெட்டு வருசம்."

ஜூன் ஒன்றாம் தேதிக்குள் ஏற்றால் வீட்டுக்கு ஒரு குறையும் வராது, மழையில் சாமானைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். ஆகஸ்ட் வரை நேரம் இருந்ததை நான் மறைத்தேன் என்று இந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் மறைக்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை.

சின்னத்தாயி மகளைத்தான் அதட்டினார். "ஐயா நம்ம சனம் மாதிரி வந்து உக்காந்து சொல்லுதாரு. வேற எவன் வந்தான் இந்த வாசலுக்கு? போயி எழுதிக் குடு."

ஜூன் 1 காலையில் பெரட்டுக்களத்தில் 618 என்று வாசித்தார்கள். இந்து கையைத் தூக்கினாள். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த நம்பருக்குப் பதில் வந்தது. நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் மனசு நிறைவாக இருந்தது. அன்று மத்தியானம் கோப்பில் பெயரை மாற்றினேன். மாடக்கண்ணுவின் பரிசோதனை அதன் பிறகு பேக்கப்பில் மட்டும் இருந்தது.

ஜூன் 26 அன்று முதல் மெயில் வந்தது. முப்பது நாளில் காலாவதி, நீட்டிக்க வேண்டுமா என்று. நான் ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 19 அன்று இரண்டாவது மெயில். அதே நாளில்தான் வழக்குக்கு எழுத்துப்பூர்வமான பதில் கொடுக்க வேண்டியிருந்தது. தொழிலாளர்களின் பரிசோதனைப் பதிவுகள் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன என்று நான் வரைவு எழுதினேன், டிஜோ கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அது உண்மை. நான் பொய் எழுதமாட்டேன், மேடம். இதற்காகத்தான் அந்த நாற்பத்தைந்து நாள். வெறும் ஒரு வருஷம் என்று போட்டிருந்தால் ஜூன் 11இலேயே போயிருக்கும், ஜூலையில் நான் பொய் எழுத வேண்டி வந்திருக்கும்.

ஜூலை 25 அன்று கடைசி மெயில். அன்று எனக்கு ஜலதோஷம். படித்தேன்.

ஜூலை 26, வெள்ளிக்கிழமை. 2023 ஜூன் 12இலிருந்து எண்ணிப் பாருங்கள், நடுவில் பிப்ரவரி 29 வருகிறது, அதை விட்டுவிடாதீர்கள். சரியாக நானூற்றுப் பத்து. விசாரணை 29ஆம் தேதி, திங்கட்கிழமை. சனியும் ஞாயிறும் இடையில் இருந்தால் நல்லது என்று பட்டது. எந்த மென்பொருளும் முதல் தடவையில் சரியாக வேலை செய்யாது.

இது செய்தது.

திங்கட்கிழமை தேவிகுளத்தில் நான் கம்பெனியின் சாட்சி. சர்டிபிகேட்டைக் கொடுத்தேன். சொன்னபடியே பச்சை பார்டர். அதிகாரி மலையாளத்தில் வாசித்தார். சின்னத்தாயிக்குப் புரியவில்லை. தமிழ் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். நான்தான் எழுந்து அவருக்குச் சொன்னேன்.

"அந்த ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையோட போயிடுத்தும்மா. விதிப்படி."

"வெள்ளிக்கெழம வரைக்கும் இருந்துச்சா?"

"இருந்தது."

"நீங்க பாத்தீகளா?"

"பார்த்தேன்."

"பெறகு ஏன்யா ஒண்ண எடுத்து வைக்கல?"

எடுத்து வைக்கச் சொல்லி உத்தரவு இல்லை என்றேன். அவர் அந்த மனுவின் நகலை, என் முத்திரையுள்ள நகலை, முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து என்னிடமே நீட்டினார். அது ரிப்போர்ட் கேட்கும் மனு, பாதுகாக்கச் சொல்லும் மனு அல்ல என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. நகலைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார். ஆதாரம் இல்லை என்று வழக்கு முடிந்தது.

வெளியே வரும்போது இந்து என் பக்கத்தில் வந்தாள். "சார், நானூத்திப் பத்துங்கிற நம்பர எந்தப் புண்ணியவான் போட்டது?" என்று கேட்டாள். கேலிதான். பி.காம். படித்த பெண், எண்ணிப் பார்த்திருக்கிறாள். பிறகு அவளே வக்கீலைப் பிடித்து, மென்பொருள் கம்பெனிக்கு எழுதி, யார் போட்டது என்ற பதிவை வாங்கியிருக்கிறாள். அதனால்தான் இன்று நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த மென்பொருள் ஒரு எழுத்துகூடத் தவறவிடவில்லை. நான் தேர்ந்தெடுத்தது சரிதான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆம், 410ஐ நான்தான் போட்டேன். அந்த ஒரு ரிப்போர்ட்டுக்காகத்தான் போட்டேன். எஸ்டேட்டில் மற்ற எழுநூறு பேரின் பழைய பேக்கப் பதிவும் அதோடு போனது, அது தவிர்க்க முடியாதது.

இனி அந்தக் கடைசி வரி. யாருக்காவது அறுபதுக்குக் கீழே வந்தால் சூப்பர்வைசர் போனிலும் மேனேஜர் போனிலும் மணி அடிக்கும்படி ஒரு ஏற்பாடு இருந்தது. மணி அடித்தால் அந்த ஆளை அன்றே மாற்ற வேண்டும். 2023 மே மாதம் ஒரே வாரத்தில் இருபத்துமூன்று தடவை அடித்தது. மருந்தடிக்க ஆள் இல்லை. "சுவாமி, இந்த மணி ஒண்ணு நிறுத்து, செவி போயி" என்றார் டிஜோ. நிறுத்தினேன். சீசன் முடியும்வரை என்றுதான் நிறுத்தினேன். மாடக்கண்ணுவின் ரிப்போர்ட்டில் முப்பத்தெட்டுக்குக் கீழே கடைசி வரி இப்படி இருந்தது. எச்சரிக்கை நிறுத்தப்பட்டுள்ளது, நிறுத்தியவர் சாம்பசிவன். டிஜோ பெயர் எங்கும் இல்லை. அவர் வாயால்தானே சொன்னார்.

பதினாறு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்தவன் பெயர், செத்தவர் ஒருவரின் கீழே அப்படி நிற்பது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள்.

வேறு ஏதாவது மறைத்திருக்கிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. கேட்டதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வியாழக்கிழமை, பிப்ரவரி 6 அன்று, மருந்தடிக்கிறவர்களுக்கு ரத்தம் எடுத்தார்கள். 618க்கு நாற்பத்துநான்கு. இந்துவுக்கு. முதல் தடவை, செப்டம்பரில், தொண்ணூற்றாறு இருந்தது. திங்கட்கிழமை திரையில் பார்த்தேன். மணி அடிக்கவில்லை, ஏனென்றால் அது இன்னும் நிறுத்தித்தான் இருக்கிறது. மறுபடி ஓடவிட அரை நிமிஷம் போதும். ஆனால் விசாரணை முடியும்வரை சர்வரின் ஏற்பாடுகளில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நீங்கள்தான் உத்தரவு எழுதிக் கொடுத்தீர்கள். நான் உத்தரவை மீறுகிறவன் இல்லை.

வாயால் சொல்லலாமே என்பீர்கள். மருத்துவ விவரத்தை வாயால் சொல்லக் கூடாது என்று கொள்கையில் இருக்கிறது. நானே எழுதியது. இன்று காலை ஜீப்பில் வரும்போது பார்த்தேன், பதினான்காம் நம்பர் காட்டில் முதுகில் பம்போடு ஏறிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நின்று நின்று ஏறினாள்.

அவள் எழுதிக் கேட்கட்டும். மலையாளத்தில் எழுத வராவிட்டால் நானே எழுதிக் கொடுக்கிறேன். 2026 மார்ச் 23 வரை அந்த ரிப்போர்ட் பத்திரமாக இருக்கும். தேதிக்குள் வந்து கேட்ட யாருக்கும் இதுவரை நான் இல்லை என்று சொன்னதில்லை.